ஒரு வீடு, மூன்று வாய்: தோட்டத்து லயமொன்றில் ஈறு நோய் பற்றிய நிகழ்வு ஆய்வு

நுவரெலியா மாவட்டத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். நானும் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், பிறந்து வளர்ந்தவள்தான். இங்கே எழுதுவது ஒரு தாய், அவருடைய மகள், மகளுக்குப் பெரியம்மா ஆகிய மூன்று பேரின் வாயைப் பற்றி. அவர்களிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்றார்கள், அதனால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

இன்னொரு சொல். அரசாங்கத் துண்டுப் பிரசுரங்களில் ‘முரசு’ என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கத்து வீடுகளில் ‘ஈறு’ என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதான்.

வந்த காரணம்

தாய்க்கு வயது 43. கொழுந்து பறிப்பவர். மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, மலைக்குப் போகாமல் எங்களிடம் வந்திருந்தார். கதிரையில் உட்கார்ந்ததுமே கீழ் வரிசை முன்பல் ஒன்றை விரல் நுனியால் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார்.

“இந்தப் பல்லை மட்டும் புடுங்கிருங்க டொக்டர். ரொட்டி கடிக்க முடியல. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு.”

வலி இல்லை. வலி இருந்திருந்தால் ஆறு வருடத்துக்கு முன்பே வந்திருப்பார். ஈறு நோயின் பெரிய கேடே அதுதான். சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாமல் ஆளைக் கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஈறு அப்படிச் செய்யாது. அது ரத்தம் காட்டும், வாடை காட்டும், கொஞ்சம் வீங்கும். அதையெல்லாம் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

பல் விளக்கும்போது ரத்தம் வரத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது என்றார். முதலில் உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்திருக்கிறார். பிறகு ஓரிடத்தில் வாயைத் திறந்துகூடப் பார்க்காமல் மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். நாலு நாள் நின்றுவிட்டுத் திரும்ப வந்திருக்கிறது. அதன் பிறகு அவர் எடுத்த முடிவு, கேட்கும்போது நியாயமாகவே தெரிந்தது.

“பிரஷ் பட்டாத்தானே ரத்தம் வருது? அதனால பிரஷ்ஷ விட்டுட்டேன். கரியையும் உப்பையும் தொட்டு விரலால தேய்ச்சுக்குவேன்.”

வெற்றிலை போடுவீர்களா என்று கேட்டேன். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை, புகையிலையோடு. பனியிலும் மழையிலும் கூடையைச் சுமந்து நிற்கும் உடம்புக்கு அது ஒரு சூடு, பசிக்கும் ஒரு தாக்காட்டல். அதை நான் நன்றாக அறிவேன். என் அம்மாவும் போட்டவர். ஆனால் அன்று இந்தத் தாய் சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் புதிதாக இருந்தது: “வெத்தல போட்டுட்டா ரத்தம் வருதா இல்லையான்னே தெரியாது.” துப்புவது எப்படியும் சிவப்பு. ஈறு ஆறு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சேதியையும் அந்தச் சிவப்பு மூடிவிட்டது. அதற்கு மேல், புகையிலையில் இருக்கும் நிக்கொட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், நோய் உள்ளே இருக்கும்போதே வெளியே ரத்தம் குறைவாகத் தெரியும்.

வாயைப் பார்த்தபோது

பற்கள் 27 இருந்தன. சொத்தை ஒன்றுகூட இல்லை. கீழ் முன்பற்களின் நாக்குப் பக்கம் காரை ஒரே பாலமாகக் கட்டி, ஆறு பற்களையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் அவ்வளவு கட்டுவதற்குக் காரணம் உண்டு. நாக்குக்கு அடியில் எச்சில் வந்து விழும் வாய் அங்கேதான் இருக்கிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்துப் பல்லில் படிந்த மெல்லிய அழுக்கோடு சேர்ந்து கல்லாகிவிடுகிறது. சில நாட்களிலேயே அந்தக் கெட்டிப்படுதல் தொடங்கிவிடும். கல்லான பிறகு எந்தப் பிரஷ்ஷாலும் அது போகாது.

நல்ல ஈறு பல்லின் கழுத்தை இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருக்கும். இடையில் ஒரு சிறு பள்ளம், 1 முதல் 3 மில்லிமீற்றர் ஆழம். கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றால் அதை அளப்போம். தாயின் பின்பற்களில் கம்பி 5, 6 என்று இறங்கியது. ஆடிய பல்லின் பக்கத்தில் 8. கம்பியை எடுத்த இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ரத்தம். எக்ஸ்ரேயில் அந்த ஆடும் பல்லைச் சுற்றி எலும்பு ஏறக்குறைய நுனி வேர் வரை கரைந்திருந்தது. பக்கத்துப் பல்லுக்குப் பாதி எலும்பு மிச்சம்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். அவருக்குப் புரியவைக்க என்னிடம் இருந்த சிறந்த உதாரணம் அவருடைய வேலையிலேயே இருந்தது. “அக்கா, சரிவான மலையில மண் கழுவிப் போய்த் தேயிலை வேர் வெளியில தெரியுமே, பார்த்திருக்கீங்கதானே?”

“ஆமா, அந்தச் செடி ஆடும். கொழுந்தும் வராது.”

“இதுவும் அதேதான். பல்லு நல்ல பல்லு. சுத்தியிருக்கிற மண்ணுதான் போயிருச்சு.”

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மத்ததுக்கும் போகுமா?” என்றார். ‘மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு’ என்று வந்தவர் அவர். சிகிச்சை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது என்று சொல்வேன்.

இந்த அளவுக்கு, இந்த வயதில் ஈறு அழிந்திருப்பதைப் பார்த்தால் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ராத்திரி எத்தனை தடவை எழும்புறீங்க?” கழிப்பறை லயத்துக்கு வெளியே இருந்ததால் அவருக்குக் கணக்குச் சரியாகத் தெரிந்தது. நாலு தடவை, டோர்ச் எடுத்துக்கொண்டு. தாகமும் இருந்தது. விரலில் குத்திப் பார்த்தபோது சுகர் 287. அடுத்த நாள் வெறும் வயிற்றில் 198. வெறும் வயிற்றில் 126க்கு மேல் போனாலே நீரிழிவு என்று வைக்கிறோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை 9.4 சதவீதம் என்று வந்தது. அவருக்கு நீரிழிவு இருப்பது அவருக்கே தெரியாது. ஆடிய பல் சொல்லித்தான் தெரியவந்தது.

சுகரும் ஈறும் ஒன்றையொன்று கெடுக்கும். சுகர் கூடினால் கிருமியை எதிர்க்கும் பலம் குறைகிறது, புண் ஆறுவது தாமதமாகிறது, ஈறு வேகமாக அழிகிறது. மறுபக்கம், ஈறு முழுக்கச் சீழும் வீக்கமுமாக இருந்தால் உடம்பில் எந்நேரமும் ஓர் அழற்சி ஓடிக்கொண்டிருக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈற்றைச் சுத்தம் செய்தால் எச்.பி.ஏ.1.சி. மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சிறிய எண்ணாகத் தெரியலாம். மாத்திரைக்கு மேலே சும்மா கிடைக்கும் பலன் அது.

“எங்கக்கா பல்லே விளக்கமாட்டாளே?”

இரண்டாவது முறை வந்தபோது தாய் கேட்டார்: “டொக்டர், எங்கக்கா எனக்கு ஆறு வயசு மூத்தவ. என்னை விடக் கூடுதலா வெத்தல போடுவா. ஒழுங்கா பல்லு விளக்கி நான் பார்த்ததே இல்ல. அவளுக்கு ஒரு பல்லும் ஆடல. எனக்கு மட்டும் ஏன்?”

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே நல்ல பதிலைத் தேடியெடுத்த இடம் எங்கள் மலையகம்தான். 1970இல் நோர்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் இங்கே வந்து, இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பிரஷ்ஷும் பல் சிகிச்சையும் அவர்கள் வாழ்க்கையில் எட்டிப் பார்க்காதவை. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களை அளந்தார்கள். ஒப்பிடுவதற்கு ஓஸ்லோவில் சின்ன வயதிலிருந்தே பல் வைத்தியம் கிடைத்த ஒரு கூட்டம்.

எங்கள் ஆட்கள் எல்லோருடைய வாயிலும் அழுக்கும் காரையும் ஏறக்குறைய ஒரே அளவுதான், எல்லோருக்கும் ஈறு வீங்கித்தான் இருந்தது. சொத்தையோ இல்லவே இல்லை என்னும்படி இருந்தது. அப்படி இருந்தும் முடிவு மூன்றாகப் பிரிந்தது. சுமார் 8 சதவீதம் பேருக்கு ஈறு படுவேகமாக அழிந்தது. 81 சதவீதம் பேருக்கு மெதுவாக, ஆனால் விடாமல். 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு சரி, அதற்கு மேல் போகவே இல்லை. வேகமாக அழிந்தவர்களுக்கு 20 வயதைத் தாண்டியதுமே பற்கள் விழத் தொடங்கி, 45 வயதில் ஒன்றும் மிச்சமில்லை. 2010இல் வேறொரு குழு தேடி வந்து, அந்த 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்து மறுபடியும் பரிசோதித்தது.

இன்று எந்த நாட்டில் பல் வைத்தியம் படித்தாலும் ஈறு நோய்ப் பாடத்தில் இந்த ஆய்வு வரும். பேராதனையில் விரிவுரை மண்டபத்தில் இதைக் கேட்டபோது எனக்கு முகம் சுட்டது. அந்த 480 பேரும் என் தாத்தாவின் வயதும் தொழிலும் உடையவர்கள். அவர்களுடைய வாயிலிருந்து உலகம் படித்துக்கொண்டது. அந்தப் பாடம் இன்னும் எங்கள் லயங்களுக்கு ஒழுங்காகத் திரும்பி வரவில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான். அழுக்கு இல்லாமல் ஈறு நோய் வராது. ஆனால் அதே அழுக்குக்கு ஒவ்வோர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லும். பரம்பரை, சுகர், புகையிலை எல்லாம் சேர்ந்துதான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. “உங்க அக்கா அந்தப் பதினொன்றில ஒருத்தரா இருக்கலாம். ஒருநாள் அவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

சிகிச்சை

பல்லை அன்றைக்கே எடுக்கவில்லை. சுகர் கட்டுப்படட்டும் என்று வைத்தியக் கிளினிக்குக்கு அனுப்பினேன், மெட்போமின் என்ற சுகர் மாத்திரையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை வரும்போதும் அவருக்கு அன்றைய பேர் போகும், அதாவது வேலைக்கு வந்த கணக்கு விழாது, சம்பளம் போகும். அதனால் சுகர் கிளினிக் நாளிலேயே பல்லுக்கும் தவணை போட்டுக்கொண்டோம். இந்தச் சின்ன ஏற்பாடு இல்லாவிட்டால் அவர் இரண்டாவது முறை வந்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் நாள் மேலோட்டமான ஸ்கேலிங், அதாவது காரையைச் சுரண்டி எடுப்பது. ஒரு வாரத்தில் கோபமாகத் திரும்பி வந்தார்.

“பல்லுக்கிடையில சந்து விழுந்திருச்சு. பீலித் தண்ணி பட்டா மண்டை வரைக்கும் விர்ருனு ஏறுது. சுத்தம் பண்ணினா பல்லு ஆடும்னு லயத்துல அப்பவே சொன்னாங்க.”

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையகத்தில் ஸ்கேலிங்குக்குப் பயப்படும் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள், அவர்கள் சொல்லும் அனுபவம் பொய்யும் இல்லை. அந்தச் சந்து முன்பே இருந்தது. காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது, வீங்கிய ஈறு மறைத்துக்கொண்டிருந்தது. காரை போய், வீக்கமும் வற்றியதும் சந்து தெரிகிறது. ஆடும் பற்களைக் காரை சிமெந்து போல ஒட்டிப் பிடித்திருந்ததால், அது போனதும் ஆட்டமும் தெரியும். இவ்வளவு நாள் மூடியிருந்த வேரில், விடிகாலையில் பீலியிலிருந்து கொட்டும் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசத்தான் செய்யும். நுவரெலியாப் பக்கம் ஜனவரித் தண்ணீர் நல்ல பல்லையே கூசவைக்கும். சில வாரங்களில் அந்தக் கூச்சம் அடங்கும். அதுவரை வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர் எடுக்கச் சொன்னேன். என் தவறு, இதையெல்லாம் ஸ்கேலிங்குக்கு முன்பே சொல்லாதது. இப்போது எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு நாலு தவணையாக, வாயின் ஒவ்வொரு கால் பகுதியையும் மரத்துப்போக ஊசி போட்டு, ஈற்றுக்கு அடியில் வேரோடு ஒட்டியிருந்த கருங்காரையை எடுத்தேன். அந்த ஆடிய பல் தப்பவில்லை, மூன்றாம் தவணையில் எடுத்துவிட்டோம். பக்கத்துப் பல்லை மெல்லிய கம்பி வைத்து அடுத்தடுத்த பற்களோடு சேர்த்துக் கட்டினேன்.

இதில் கையால் செய்ய வேண்டியதெல்லாம் என்னுடையது. நோய் திரும்பாமல் இருப்பது அவருடைய கையில். ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, மெதுவான நார் உள்ள பிரஷ்ஷால் செய்துகாட்டச் சொன்னேன். கரி தேய்க்கும் பழக்கத்தில் பல்லின் நடுப்பகுதியைப் பலமாகக் குறுக்கே தேய்த்தார். நோய் இருப்பதோ ஈறும் பல்லும் சேரும் கோட்டில். பிரஷ்ஷைச் சாய்த்து, நாரின் நுனி பாதி ஈற்றிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, இரண்டு மூன்று பல்லாக, இருந்த இடத்திலேயே மெல்ல அசைக்க வேண்டும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்குப் பிரஷ்ஷை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். மொத்தம் இரண்டு நிமிடம், புளோரைட் உள்ள பற்பசையோடு. காலையை விட ராத்திரி முக்கியம். ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடாமல், மெதுவாக, இன்னும் கவனமாக விளக்க வேண்டும். ரத்தம் வரும் இடம்தான் அழுக்கு இருக்கும் இடம். ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும்.

பற்களுக்கு இடையில் விட, கம்பியில் நார் சுற்றிய குட்டிப் பிரஷ் ஒன்று உண்டு. சந்து விழுந்த வாய்க்கு அதைப் போல உதவுவது வேறில்லை. தோட்டத்துக் கடையில் கிடைக்காது, டவுன் பாமசியில் வாங்க வேண்டும், விலையும் கொஞ்சம் கூட. கழுவிக் கழுவிப் பல நாள் பாவிக்கலாம். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது இதம் தரும், அவ்வளவுதான். பல்லில் ஒட்டிய படலம் கொப்பளிப்பதால் போகாது. குளோர்ஹெக்சிடின் மருந்துத் தண்ணீரை இரண்டு வாரத்துக்கு மட்டும் கொடுத்தேன். நீண்ட நாள் பாவித்தால் பல்லில் பழுப்பு ஏறும். நாளைக்கு ஐந்தாறு தடவை சாயத்தண்ணி குடிக்கும் ஆட்களுக்கு அது இன்னும் சீக்கிரம் ஏறும்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று என் தாத்தா அடிக்கடி சொல்வார். கோப்பிக் காலத்தில் கடல் கடந்து வந்தவர்கள் பழமொழியைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறாயிரம் அடிக் குளிரில் ஆலும் இல்லை, வேலும் இல்லை. அந்த இடத்தைத்தான் அடுப்புக்கரி பிடித்துக்கொண்டது. கரி பல்லை அராவும், ஈற்றை ஒதுக்கும், ஈற்றோரப் படலத்தை விட்டுவிடும். அதைக் கைவிடச் சொல்லும்போது ஒரு நல்ல பிரஷ்ஷைக் கையில் கொடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

மகள்

மூன்றாம் தவணைக்கு 24 வயது மகளும் வந்தாள், ஐந்து மாதக் கர்ப்பம். கர்ப்பிணி கிளினிக்குக்குப் போகிறவர்களைப் பல் பரிசோதனைக்கும் அனுப்புவது நம் நாட்டில் வழக்கம். அவள் இரண்டு மாதமாக அதைத் தள்ளிப்போட்டிருந்தாள். ஈறு செக்கச்சிவந்து, பல்லுக்கு இடையில் மொட்டுப்போல உப்பியிருந்தது. பிரஷ் தொட்டாலே ரத்தம். பிள்ளை சத்தை இழுக்கிறது, பல் விளக்காதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். தாய் ஆறு வருடத்துக்கு முன் செய்ததையே மகளும் செய்யத் தொடங்கியிருந்தாள்.

கர்ப்பகாலத்தில் ஹோர்மோன்கள் கூடுவதால், கொஞ்ச அழுக்குக்கே ஈறு பெரிதாகச் சிலிர்த்துக்கொள்ளும். கம்பி வைத்து அளந்தேன். வீக்கத்தால் 4 காட்டியதே தவிர, ஈறு பல்லை விட்டுக் கீழே இறங்கியிருக்கவில்லை. அதாவது நோய் இன்னும் ஈற்றில்தான் நின்றது, எலும்புக்குப் போகவில்லை. இந்தக் கட்டத்தில் முழுவதும் திருப்பிவிடலாம். இதே லோ 1965இல் வெளியிட்ட வேறோர் ஆய்வு உண்டு. ஆரோக்கியமான 12 பேர் பல் விளக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரமளவில் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

ஒரே தவணையில் ஸ்கேலிங் செய்தேன். கர்ப்பத்தின் நடு மூன்று மாதம் இதற்கு வசதியான காலம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. வாந்தி எடுத்தால் உடனே பல் விளக்காமல் முதலில் தண்ணீரால் கொப்பளிக்கச் சொன்னேன், வயிற்று அமிலம் பல்லை இளக்கியிருக்கும். இரண்டு வாரத்தில் ரத்தம் ஏறக்குறைய நின்றுவிட்டது. தாயையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, இருவர் வாயையும் கண்ணாடியில் காட்டினேன். தாய் மகளுடைய ஈற்றைத்தான் கூடுதல் நேரம் பார்த்தார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

தாயின் பள்ளங்களில் பெரும்பாலானவை 3, 4க்கு வந்திருந்தன. மேல் கடைவாய்ப் பற்கள் இரண்டுக்குப் பின்னால் மட்டும் இன்னும் 5. கம்பி பட்டு ரத்தம் வந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எச்.பி.ஏ.1.சி. 7.6. அதில் பெரும்பங்கு மாத்திரைக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக்கும்தான். இழந்த எலும்பு திரும்பவில்லை, திரும்பவும் மாட்டாது. கட்டிய பல் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அது நெடுநாள் நிற்கும்.

அந்த நாளில் பெரியம்மாவும் வந்தார், தங்கையின் வற்புறுத்தலுக்காக. வாயில் 30 பற்கள், ஒன்றும் ஆடவில்லை. காரைக்கு நடுவிலும் பள்ளம் எங்கும் 3ஐத் தாண்டவில்லை. தங்கை சொன்னது சரிதான். ஆனால் வாயைப் பெரிதாகத் திறக்கச் சொன்னபோது இரண்டு விரல்தான் உள்ளே போனது. மூன்று விரல் போக வேண்டும். உள்கன்னம் வெளிறி, தடவிப் பார்த்தால் உள்ளே கயிறு ஓடுவது போல இறுகியிருந்தது. “மிளகாய் பட்டா எரியுது, ஒரு வருஷமா ரசம்தான்” என்றார். பாக்கினால் வாய் இறுகும் நோய். பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடியது. அவருடைய ஈறு தப்பியது, கன்னம் தப்பவில்லை.

பேராதனைப் பல் வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தேன். விடிகாலை முதல் பஸ்ஸில் தங்கைதான் கூட்டிப் போனார், அன்றைக்கு இருவருக்குமே பேர் இல்லை. கன்னத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்த்ததில் இப்போதைக்குப் புற்றுநோய் இல்லை என்று வந்தது. பாக்கை முழுவதும் நிறுத்த வேண்டும், தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

போன தவணைக்கு இருவரும் ஒன்றாக வந்தார்கள். தங்கை இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே ஏலக்காயும் நாலு கிராம்பும் இருந்தன. பெரியம்மா சிரித்தார், தன் பையைத் திறக்கவில்லை. அடுத்த தவணையை இருவருக்கும் ஒரே நாளில் போட்டு, அட்டையில் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.